முதுகு வழியாகப் புகுந்த மோட்டார் சைக்கிள்

"முதுகத் திருப்பாத. அப்படியே தூக்கிப் புடி" என்றார் அப்பா.

பிலோமென் தம்பியின் தோள்களைத் தன் மார்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் தலை அவள் கழுத்தில் சாய்ந்தது. அப்பா அவன் வலது கையைப் புதுக் கோட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார். விறைத்த கை மடங்க மறுத்தது. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கி மாட்டுவதுபோல முன்பக்கமாக மாட்டிவிட்டார். முன்னால் நின்று பார்ப்பவர்களுக்கு முழுக் கோட்டுதான்.

கோட்டு கவர்னர் மாளிகையிலிருந்து வந்தது. சவப்பெட்டி, கோட்டு, மூன்று மூட்டை அரிசி, நடுவில் தம்பி செவெரின் என்று எல்லாம் ஒரே வண்டியில் விடிந்ததும் வந்து இறங்கின. உயிரோடு இருந்தவரை ஒரு வேளைச் சோற்றுக்கு அவனைத் தெருவில் கத்தவிட்ட அரசாங்கம், செத்த பிறகு சீர்வரிசையோடு அனுப்பி வைத்தது. நல்ல மனசு.

ஆண் உடம்பைக் குளிப்பாட்டுவது அந்த வீதியில் பெரியவர்கள் வேலை. வந்தவர்களை எல்லாம் வாசலோடு நிறுத்திவிட்டு அப்பா மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். பஞ்சும் துணியும் வைத்து அடைக்கத் தெரிந்தவள். முதுகில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மார்பில் அது வெளியே வந்த இடத்தை அவள் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

"இது மோட்டார் சைக்கிள்ல விழுந்ததாப்பா?"

"விழுந்துட்டான்."

"அப்பா, நான் பச்சப்புள்ள இல்ல."

"விழுந்துட்டான்னு சொன்னேன்ல!" என்று சீறியவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா காதுல விழப் போகுது. அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. என் மேல சத்தியம் பண்ணு."

பிலோமென் சத்தியம் பண்ணவில்லை. அவர் மேலும் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு: "தலைநகரத்துல, வாகடூகு பொணக்கெடங்குல வெச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? விபத்துன்னு ஒத்துக்கிட்டா ஒடம்பக் கொண்டு போ. இல்லன்னா நாங்களே எங்கயாவது பொதச்சுக்கிறோம்னாங்க. எனக்கு எம்புள்ள ஒடம்பு வேணும்மா. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

அப்புறம் என்பது ஒருபோதும் வராது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவை அதானாஸ் தப்சோபா என்றால் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. கவர்னர் டிரைவர் என்றால் தெரியாதவர் கிடையாது. கவர்னர்கள் மாறுவார்கள், டிரைவர் மாறமாட்டார். பின்சீட்டில் பேசுவது எதுவும் முன்சீட்டுக்குக் கேட்காது என்கிற பழக்கத்தில்தான் அவர் தலைமுடி நரைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் செவெரின் சட்டம் படிக்கப் போனான்.

படிக்கப் போனவன் மாணவர் சங்கத்தில் சேர்ந்தான். விடுதியைப் பூட்டினார்கள், உணவுக்கூடத்தைப் பூட்டினார்கள். பையன்கள் வகுப்பறை மேசைகளின் மேல் படுத்துக்கொண்டு, வேர்க்கடலையைத் தின்று தண்ணீர் குடித்து நாளைத் தள்ளினார்கள். பிலோமென் ஊரிலிருந்து வேர்க்கடலை விழுது அரைத்து டப்பாவில் அனுப்புவாள். போனில் அவன் குரல் எப்போதும் கட்டிப்போய்த்தான் இருக்கும்.

"படிக்கப் போனியா, கத்தப் போனியாடா?"

"ரெண்டும் ஒரே மூச்சுலதான்க்கா" என்று சிரிப்பான்.

உணவுக்கூடத்தைத் திற என்று ஊர்வலம் போனார்கள். சோறு கேட்டுப் போனவர்கள். திரும்பி ஓடும்போதுதான் குண்டு முதுகில் பாய்ந்திருக்கிறது. ஓடுகிறவனைச் சுடுவதற்கு எவ்வளவு வீரம் வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மண் மூடுவதற்கு முன்னால், ஊர் கேட்க, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், இவன் எப்படிச் செத்தான் என்று. ஒரே ஒரு தடவை. மண் விழுந்துவிட்டால் அவன் காலமெல்லாம் வண்டி ஓட்டத் தெரியாமல் விழுந்து செத்தவன்தான்.

கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டு அப்பா கதவைத் திறந்தார்.

*

கவர்னர் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் மலர்வளையம். வாசலில் கட்டியிருந்த துணிப்பந்தலின் கீழ் இருந்த கூட்டம் எழுந்து நின்றது. நேராகப் பிலோமெனிடம் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பி நல்லாப் பேசுவானாமே. நானும் ஒரு காலத்துல மாணவர் சங்கந்தாம்மா. மேசை மேல ஏறி நின்னு பேசினவன்தான்."

அதில் பொய் இல்லை. அந்த மேசையிலிருந்து இறங்கி எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பதைத்தான் ஊரே பார்க்கிறதே. பிலோமென் கையை உருவிக்கொண்டாள்.

பெற்றவர்கள் பிள்ளையின் குழிக்குப் போவது அவர்களுடைய மோசி இனத்தில் வழக்கமில்லை. அம்மா உள்ளறையில் பாயில் உட்கார்ந்துவிட்டாள், சுற்றிலும் பெண்கள். அப்பாவும் அவளோடு இருக்க வேண்டியவர்தான். கவர்னர் அவர் தோளில் கை போட்டார்.

"அதானாஸ், நீ என்கூட வர்ற. நாலு பேர் பாக்கணும். நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியணும்ல?"

"சரிங்கய்யா."

வாசலில் கறுப்புக் கார் நின்றது. அப்பா பின்கதவைத் திறந்து பிடித்தார், கவர்னர் ஏறினார், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அப்பா சுற்றிப் போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். புதிதாகக் கூட்டிவந்திருந்த டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். "இன்னிக்கு நீ பின்னால உக்காரு, அதானாஸ்" என்று கவர்னர் சொன்னது வெளியே கேட்டது. அப்பாவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. சாவிக்காகக் கையை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெற்ற மகனின் பிணத்துக்குப் பின்னால், கவர்னரை ஏற்றிக்கொண்டு, குலுங்காமல் வண்டியை ஓட்டினார். பார்த்த பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிலோமெனுக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு கதறலாம் போலவும் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தின் வேலியைச் சுற்றிச் சிப்பாய்கள். பேச்சு கூடாது, பதாகை கூடாது, பாட்டு மாதாகோயில் பாட்டு மட்டும். தலைநகரிலிருந்து மாணவர்கள் பஸ் பிடித்து வருவதாகக் காலையிலேயே பேச்சு. அவர்களை ஊர் எல்லைச் சாவடியிலேயே மறித்துவிட்டதாக, ஜெபம் சொல்ல வந்த கோயில்பிள்ளை அவள் காதில் முணுமுணுத்தார். அவர் ஜெபத்தை ஆரம்பித்தார். குரலில் அவசரம் இருந்தது.

பாதி ஜெபத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும். ஒல்லியான பெண், இருபது இருபத்தொன்று இருக்கும், பையனின் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தாள். இடுப்பில் வைக்கோல் கயிறு, கேலி பேச வருகிறவர்கள் போடும் கோலம்.

"எங்க போற?" என்றான் சிப்பாய்.

"நாங்க சாமோடா. எங்க அடிமை செத்துட்டானாம். பாக்க வேணாமா? நீயும் மோசிதான? அப்ப நீயும் என் அடிமைதான். வழிய விடு, இல்லன்னா இப்பவே உன்னையும் களையெடுக்க இழுத்துட்டுப் போவேன்."

சிப்பாயின் உதட்டில் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை ஒதுக்கி வழிவிட்டான். வேறென்ன செய்வான்? சாமோ இனத்தாருக்கும் மோசிகளுக்கும் கேலி முறை. எந்தக் காலத்திலோ முப்பாட்டன்கள் போட்ட உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், திருடன் என்பார்கள், நாய்க்கறியில் தலையை எனக்குத் தராமல் தின்றவனே என்பார்கள். எது சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். மோசி வீட்டுச் சாவுக்குச் சாமோ வந்தால் பிணத்தையே வம்புக்கு இழுப்பான், குழியை மறிப்பான். வீட்டார் ஏதாவது கொடுத்தால்தான் விலகுவான். ஆனால் அதெல்லாம் பேரன் பேத்தி எடுத்த கிழச் சாவுக்கு. வயசுப் பிள்ளை செத்த வீட்டில் சாமோவும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பெண் நேராக வந்து குழிக்குள் குதித்தாள். மல்லாந்து படுத்துக் காலின் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு என் அடிமையப் பொதைக்கிறீங்க?"

கோயில்பிள்ளை குழி ஓரம் குனிந்தார். "ஏம்மா, சின்ன வயசுச் சாவும்மா. இது முறையில்ல. எந்திரிச்சு வா."

"என் பேரு ரோசின் பாரே. பாரேன்னா சுத்தச் சாமோ. எது முறைன்னு எனக்குச் சொல்லித் தர்றியாய்யா, நாய்த்தலைத் திருடா?" எழுந்து எட்டி, குழி விளிம்பில் இருந்த பெட்டியைக் கையால் தட்டினாள். "டேய் செவெரின்! சோம்பேறி! பரீட்சைக்குப் பயந்துகிட்டுப் படுத்துட்டியா? எந்திரிடா. என் வயல்ல களை இடுப்பு உசரம் நிக்குது. உங்கப்பனா வந்து எடுப்பாரு? அவருக்கு ஸ்டீயரிங் புடிக்க மட்டுந்தான் தெரியும்."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்து உடனே இருமிக்கொண்டார்.

"சரி, எப்படிச் செத்தான்? நான் நல்ல அடிமையாத்தான குடுத்து வெச்சிருந்தேன். யார் ஒடச்சது?"

"மோட்டார் சைக்கிள்ல விழுந்து..." என்றார் கோயில்பிள்ளை.

"மோட்டார் சைக்கிளா!" ரோசின் கையைத் தட்டினாள். "இவனுக்குச் சைக்கிளே ஓட்ட வராதே! சரி, அது என்ன கம்பெனி வண்டி? முதுகு வழியாப் புகுந்து மாரு வழியா வெளிய வந்துருக்கு! ஹாரன் கூட அடிக்கலியா? நான் பக்கத்துலதான் ஓடினேன். எம்மேல ஏறல, அவன் மேல மட்டும் ஏறுச்சு. ஏன்டா, மோசி முதுகுன்னா மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு ருசியா? தொப்பி போட்ட மோட்டார் சைக்கிள்! பூட்ஸ் போட்ட மோட்டார் சைக்கிள்! நீங்க யாராவது பாத்துருக்கீங்களா? அந்தா, வேலியோரம் வரிசையா நிறுத்தி வெச்சுருக்காங்க பாருங்க!"

அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. வேலியோரம் நின்ற சிப்பாய்கள் கீழே பார்த்தார்கள். பெட்டியின் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். சொல்லியாகிவிட்டது. ஊர் கேட்டாகிவிட்டது. யாரும் அந்தப் பெண்ணை ஒன்றும் செய்ய முடியாது. இதற்காகத்தான் மாணவர் சங்கம் சாமோப் பெண்ணாகப் பார்த்து இவளைப் பொறுக்கிச் சாவடி தாண்டி அனுப்பியிருக்கிறது என்று புரிந்தபோது பிலோமெனுக்குப் பெருமையில் அழுகை முட்டியது. கெட்டிக்காரப் பிள்ளைகள்!

அப்போது கவர்னர் சிரித்தார்.

முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடேயப்பா! சாமோ சாமோதான்யா! பொணத்தைக் கூட விட மாட்டேங்குறாளே! ஹாரன் அடிக்கலியாம்!"

மடை திறந்த மாதிரி கூட்டம் சிரித்தது. கேலி முறையல்லவா, சிரிக்காவிட்டால் குற்றமல்லவா. விஷயம் தெரியாமல் சிரித்தவர்கள் பாதி. தெரிந்து, அப்பாடா தப்பித்தோம் என்று சிரித்தவர்கள் பாதி. கோயில்பிள்ளை சிரித்தார். சிப்பாய்கள் துப்பாக்கியில் சாய்ந்து சிரித்தார்கள்.

"சுட்டாங்க!" என்று கத்தினாள் பிலோமென். "முதுகுல சுட்டாங்க! நான் பாத்தேன், நாந்தான் பஞ்சு வெச்சு அடச்சேன்!"

"அட, அக்காக்காரியும் சேந்துக்கிட்டா பாரு!" என்றது ஒரு குரல். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்களில் பீதியோடு.

கவர்னர் கையைத் தூக்கினார். மேசை மேல் நின்று பேசிப் பழகியவரின் கை, கூட்டம் அடங்கியது. "நஷ்ட ஈடுதான கேக்குறா? முறையை யாரு மீற முடியும்? குடுத்துருவோம். யாருய்யா அங்க, ஒரு குடுவை சோளக்கள் கொண்டாங்க."

குழி வெட்டியவர்களுக்காக வைத்திருந்த கள் வந்தது. கவர்னர் அதை வாங்கித் தன் டிரைவரின் கையில் கொடுத்தார். "வீட்டுக்காரர் கையால குடுக்கறதுதான் மரியாதை. குடு அதானாஸ்."

வீட்டார் கொடுத்துவிட்டால் சாமோ வாங்கிக்கொண்டு விலகத்தான் வேண்டும். மறுத்தால் அது கேலி இல்லை, பகை. பகைக்குச் சட்டம் இருக்கிறது, சிப்பாய் இருக்கிறான்.

அப்பா இரண்டு கையாலும் சுரைக்குடுவையை ஏந்திக்கொண்டு குழி விளிம்பில் குந்தினார். ரோசின் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

"வாங்கிக்கிறேன்ப்பா. ஒரே ஒரு வார்த்தை மட்டும். பெத்தவர் நீங்க. இவன் எப்படிச் செத்தான்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே நான் போய்ச் சொல்றேன். எல்லைச் சாவடியில நூறு பேர் வெயில்ல நிக்கிறாங்கப்பா."

கள் தளும்பி அவர் விரல்களில் வழிந்தது. அவர் திரும்பிக் கவர்னரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். சொல்லு அப்பா, சொல்லித் தொலை அப்பா என்று பிலோமெனின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது.

"விழுந்துட்டாம்மா" என்றார். "வண்டியிலேருந்து விழுந்துட்டான். வாங்கிக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்சீட்டில் யாராவது பெரிய மனுஷன் ஜோக் அடித்தால் முன்சீட்டிலிருந்து வருகிற சிரிப்பு அது. அளவாக, மரியாதையாக. கவர்னர், "ஆங், அப்படிச் சொல்லு" என்று தட்டிக்கொடுத்தார்.

ரோசின் குடுவையை வாங்கினாள். மூச்சுவிடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முகவாயில் வழிந்தது கள்ளா வேறா என்று தெரியவில்லை. குடுவையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட வந்த பையன்கள் கைகொடுக்க மேலே ஏறினாள். பிலோமெனைக் கடந்து போகும்போது நின்றாள். "மன்னிச்சுருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டியை இறக்கினார்கள். முதல் மண்வெட்டி மண் பலகை மேல் விழுந்த சத்தத்தில்கூட இரண்டு மூன்று பேர் இன்னும் மூக்கை உறிஞ்சிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

*

சாவு வீட்டுக்கு ஊர்வலத்தைவிட முந்திக்கொண்டு ஜோக் போய்ச் சேர்ந்துவிட்டது. பிலோமென் நடந்து வந்து சேர்ந்தபோது கவர்னர் அனுப்பிய அரிசி பெரிய கொப்பரைகளில் வெந்துகொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்த பெண்களிடம் ஒருத்தன் கையை நீட்டி நடித்துக் காட்டினான். "இங்க புகுந்து, இங்க வெளிய வந்துச்சாம்! ஹாரன் கூட அடிக்கலியாம்!" கரண்டிகளைக் கொப்பரை விளிம்பில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். இனிமேல் சந்தையில் சொல்வார்கள், கள்ளுக்கடையில் சொல்வார்கள். கவர்னர் மாளிகையின் விருந்தில்கூடச் சொல்வார்கள். யாரும் இதற்காக யாரையும் கைது செய்யப் போவதில்லை. உண்மையை இப்படியும் புதைக்கலாம் என்று பிலோமெனுக்கு அன்றுவரை தெரியாது.

அப்பா வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் காரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பதைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளறையில் அம்மாவைச் சுற்றியிருந்த பெண்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போயிருந்தார்கள். அம்மா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது. மகளைக் கண்டதும் பாயில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"சாமோக்காரி ஒருத்தி வந்தாளாமே? குழிக்குள்ள குதிச்சாளாமே?"

"ம்."

"சின்ன வயசுச் சாவுக்குக் கேலி பேசறதில்லன்னு பாக்காம வந்துருக்கா. அவன் மேல எவ்வளவு பிரியம் இருக்கணும்!" அம்மா மூக்கைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அந்த வீதியில் அம்மாவைப் போல் சாமோக்களிடம் வாயடித்து மடக்கியவர்கள் கிடையாது. அவள் வாய்க்குப் பயந்து சாமோ வியாபாரிகள் வீதியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்கடி. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. எம்புள்ளைய வழியனுப்பிட்டுச் சிரிச்சுக்கிட்டு வர்றாங்கன்னா நல்ல வழியனுப்புதான். அப்படி என்ன சொன்னா அவ?"

"ஒண்ணுமில்லம்மா."

"மோட்டார் சைக்கிள் பத்தி ஏதோ சொன்னாளாம். இவளுங்க கிட்டக் கேட்டா முழுங்குறாளுங்க. நீயாவது சொல்லு." மகளின் முழங்காலில் கை வைத்தாள். "சொல்லுடி பிலோ. ஊரே சிரிச்சுது. பெத்தவ நான் மட்டும் சிரிக்க வேணாமா? அவனுக்காக ஒரு தடவை சிரிச்சுட்டு அப்புறம் அழுதுக்கிறேன்."

வெளியே மறுபடியும் சிரிப்பு வெடித்தது. பிலோமென் அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். சொன்னாள். குதித்ததை, களையெடுக்கக் கூப்பிட்டதை, எது எந்த வழியாகப் புகுந்து எந்த வழியாக வந்தது என்பதை, ஹாரனை, தொப்பியை, வேலியோரம் வரிசையாக நின்றதை, ஒரு வார்த்தை விடாமல், ரோசின் சொன்னபடியே சொன்னாள்.

முடித்தாள். அம்மா தலையைச் சற்றுச் சாய்த்து, உதட்டோரம் தயாராக வைத்திருந்த புன்னகையோடு, சிரிப்பு வரும் இடத்துக்காகக் காத்திருந்தாள்.